தடுப்பூசி போட்டவரின் கோவிட் சோதனை முடிவை எப்படிப் படிப்பது?

நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு ஹட்டியிலிருந்து (படகர் ஊர்) ஒரு சகோதரி தம் குடும்பத்தில் இன்னும் தீராத ஒரு வழக்கை எழுதிக் கேட்டிருக்கிறார். 2022 ஆடி மாதத்தில் அவருடைய தந்தையாருக்குத் தொண்டை வலியும் சளியும் வந்தன. அவர் கோவிஷீல்டு இரண்டு தவணையும், பின்னர் முன்னெச்சரிக்கைத் தவணை எனப்பட்ட மூன்றாம் தவணையும் போட்டுக்கொண்டவர். நோய் தொடங்கிய அன்றே வீட்டில் செய்த ஆன்டிஜென் சோதனை நெகட்டிவ் என்றது. மூன்றாம் நாள் எடுத்த ஆர்டி-பிசிஆர் பாசிட்டிவ் என்றது. அதே வீட்டில் இருந்த அத்தை கோவாக்சின் போட்டவர். மூன்றாம் தவணை போட்டு ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு மூக்கில் மாதிரி எடுத்த சோதனைகள் இரண்டும் நெகட்டிவ். ஆனால் ரத்தத்தில் பார்த்த 'என்' (N) ஆன்டிபாடி, அதாவது வைரஸின் 'என்' என்ற புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம், மட்டும் பாசிட்டிவ் என்று வந்தது. "எனக்குக் கோவிட் வந்ததே இல்லை, ஊசிதான் இந்தச் சோதனைகளையெல்லாம் குழப்புகிறது" என்று அத்தை சொல்ல, வீட்டில் பாதிப் பேர் அதை ஏற்றுக்கொண்டு, இப்போது இருமல் வந்தால் சோதனைக்கே போவதில்லை என்கிறார்களாம்.

அத்தை சொன்னதில் ஒரு பாதி உண்மை. தடுப்பூசி சில சோதனைகளின் முடிவை மாற்றும், சிலவற்றைத் தொடவே தொடாது. எது எது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு சோதனையிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். அது எதைத் தேடுகிறது? எங்கே தேடுகிறது? குன்னூரிலும் உதகையிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வகத்தில் வேலை பார்த்த எனக்கு, இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் தாளில் அச்சான ஒரு சொல்லை மட்டும் படித்ததால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வந்தன என்று தோன்றுகிறது.

மூக்கிலிருந்து எடுக்கும் சோதனைகளை முதலில் பார்ப்போம். ஆர்டி-பிசிஆர் தேடுவது வைரஸின் ஆர்.என்.ஏவை, அதாவது அதன் மரபுப் பொருளை. நம் ஊர்களில் காசநோய்க்காக முன்பே வைத்திருந்த ட்ரூநாட், சிபிநாட் கருவிகள் கோவிட்டுக்குப் பயன்பட்டபோதும் தேடியது இதைத்தான். ஆன்டிஜென் அட்டை தேடுவது வைரஸின் ஒரு புரதத்தை. பெரும்பாலான கிட்டுகளில் அது நியூக்ளியோகேப்சிட் எனப்படும் 'என்' புரதம். வைரஸின் வெளிப்புற முள்ளான ஸ்பைக் புரதம் உருமாற்றத்துக்கு ஏற்ப அடிக்கடி மாறுகிறது, உள்ளே ஆர்.என்.ஏவைப் பொதிந்து வைத்திருக்கும் 'என்' புரதம் அதிகம் மாறுவதில்லை, அளவிலும் நிறைய இருக்கிறது. கிட் செய்பவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

இனித் தடுப்பூசிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கோவிஷீல்டில் இருப்பது மனிதக் குரங்கு வகையைச் சேர்ந்த சிம்பன்சியின் அடினோ வைரஸ். பெருக முடியாதபடி மாற்றப்பட்டு, ஸ்பைக் புரதத்துக்கான மரபணுவை மட்டும் சுமந்து வருவது. அதில் 'என்' புரதமும் இல்லை, அதற்கான மரபணுவும் இல்லை. கோவாக்சினில் இருப்பது முழுக் கொரோனா வைரஸ், ஆனால் ரசாயனத்தால் கொல்லப்பட்டது. ஆகவே அதில் 'என்' புரதம் உண்டு. சிறுவர்களுக்குப் போட்ட கோர்பிவேக்ஸில் ஸ்பைக் புரதத்தின் ஒரு பகுதி மட்டுமே இருக்கிறது. இவற்றில் எதிலும் உயிருள்ள கொரோனா வைரஸ் இல்லை. மேற்கையின் தசையில் இறங்கிய மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் போய்ப் பெருக வழியில்லை. ஆகவே தடுப்பூசி போட்ட காரணத்தால் ஒருவருக்கு ஆர்டி-பிசிஆரோ ஆன்டிஜென்னோ பாசிட்டிவ் ஆகாது. தந்தையாருக்குப் பாசிட்டிவ் வந்தது ஊசியால் அல்ல, நோயால்.

இதற்கு ஒரே ஒரு கவனக் குறிப்பு உண்டு, அது உடலைப் பற்றியதல்ல, மேசையைப் பற்றியது. கோவாக்சின் போன்ற மருந்தில் இறந்த வைரஸின் ஆர்.என்.ஏ துண்டுகள் இருக்கக்கூடும்; பிசிஆர் மிக நுண்ணிய சோதனை. ஊசி போடும் மேசையிலேயே, அதே கையுறையோடு மூக்கு மாதிரியும் எடுத்தால், சிந்திய மருந்தின் துளி குச்சியில் ஒட்டிக்கொள்ள இடமுண்டு. முகாம்களில் இரண்டையும் தனித்தனி அறையில், தனித்தனி ஆட்கள் செய்ய வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருந்ததற்கு நெரிசலைத் தவிர இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ஊசி போட்ட மறுநாளோ மறுவாரமோ பலருக்குப் பாசிட்டிவ் வந்ததே, அது எப்படி என்று கேட்கலாம். கொரோனா உடலில் நுழைந்து நோய்க்குறி காட்ட 2 முதல் 14 நாள் வரை ஆகும். தடுப்பூசி பாதுகாப்புத் தரத் தொடங்கவோ ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். ஊசிக்கு வரும்போதே கிருமியை வாங்கி வந்தவர்களும், ஊசி வரிசையில் நின்றபோதும் அதற்கடுத்த நாட்களிலும் வாங்கியவர்களும் இந்த இடைவெளியில் விழுந்தார்கள். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 ஏப்ரல், மே மாதங்களில்தான் 45 வயதைக் கடந்தவர்கள் பெருமளவில் ஊசி போட வந்தார்கள். இரண்டும் ஒரே காலத்தில் நடந்தபடியால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று மக்கள் எண்ணிவிட்டார்கள்.

அந்த எண்ணம் என்ன செய்தது என்பதை நான் கண்ணால் கண்டேன். 2021 மே மாதத்தில், தேயிலை பறிக்கும் ஓர் அம்மாள் முதல் தவணை போட்ட அன்றிரவு காய்ச்சல் என்று தொலைபேசியில் அழைத்தார். "ஊசிக் காய்ச்சல்தான் அம்மா, இரண்டு நாளில் தணிந்துவிடும்" என்றேன். நான்காம் நாள் மீண்டும் அழைத்தபோதும் அதையே சொன்னேன்; இருமல் இருக்கிறதா, சாம்பாரின் மணம் தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை. ஆறாம் நாள் அவரைப் பரிசோதித்தபோது பாசிட்டிவ்; அதற்குள் அந்த எஸ்டேட் லைன் வீட்டு வரிசையில் மேலும் ஆறு பேருக்குத் தொற்றியிருந்தது. அவர்களில் அவருடைய மாமியார் வீடு திரும்பவில்லை. கேட்க வேண்டிய இரண்டு கேள்வியை நான் கேட்காமல் விட்டதை இன்றுவரை மறக்க முடியவில்லை. அதனால் அழுத்திச் சொல்கிறேன்: ஊசியால் காய்ச்சல், உடல்வலி, தலைவலி, கைவலி, சோர்வு வரும், அவை பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். இருமல், மூக்கொழுகல், தொண்டை வலி, மணமும் சுவையும் தெரியாமல் போவது ஆகியவை ஊசியால் வருவன அல்ல. அவற்றில் ஒன்று இருந்தாலும், காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலும், ஊசி நேற்றுத்தான் போட்டது என்றாலும் சோதனை செய்ய வேண்டும்.

இனி, தந்தையாருக்கு முதல் நாள் நெகட்டிவும் மூன்றாம் நாள் பாசிட்டிவும் வந்தது ஏன் என்ற கேள்வி. இங்கேதான் தடுப்பூசி உண்மையில் ஒரு வேலை செய்கிறது. அது பொய்யான பாசிட்டிவை உண்டாக்குவதில்லை. ஆனால் நோய்க்குறிக்கும் வைரஸ் அளவுக்கும் இடையிலுள்ள கால ஒழுங்கை மாற்றிவிடுகிறது. 2020இல், எவருடைய உடலுக்கும் இந்த வைரஸ் முன்பின் தெரியாதிருந்தபோது, அது மூக்கில் நன்றாகப் பெருகிய பிறகே உடல் விழித்துக்கொண்டு காய்ச்சலைக் கிளப்பியது. ஆகவே நோய்க்குறி தெரிந்த நாளில் சோதித்தால் வைரஸ் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தது. தடுப்பூசி போட்ட உடலோ வைரஸை அடையாளம் கண்டு, அது கொஞ்சமாக இருக்கும்போதே சண்டையைத் தொடங்கிவிடுகிறது. தொண்டை வலியும் சளியும் அந்தச் சண்டையின் சத்தம்தான். நோய்க்குறி முந்திக்கொள்கிறது, வைரஸ் அளவு பின்னால் ஏறுகிறது. ஒமிக்ரான் காலத்து ஆய்வுகளில், தடுப்பூசியாலோ முன்பு வந்த தொற்றாலோ எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தவர்களுக்கு நோய்க்குறி தொடங்கிய நான்காம் நாள்வாக்கில்தான் வைரஸ் அளவு உச்சத்தை எட்டியது.

ஆன்டிஜென் அட்டைக்கு வைரஸ் நிறைய இருந்தால்தான் கோடு விழும். பிசிஆர் அப்படியல்ல, ஒவ்வொரு சுற்றிலும் மரபுப் பொருளை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், கொஞ்சமாக இருப்பதையும் கண்டுபிடித்துவிடும். எத்தனையாவது சுற்றில் கண்டுபிடித்தது என்பதே தாளில் 'சிடி மதிப்பு' என்று எழுதப்படும் எண். அது குறைவாக இருந்தால் வைரஸ் அதிகம், ஏறக்குறைய 3.3 சுற்று வித்தியாசம் என்றால் வைரஸ் அளவில் பத்து மடங்கு வித்தியாசம். நம் நாட்டில் 35 வரை பாசிட்டிவ் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வரம்பு வைத்தது. ஆகவே தந்தையாருக்கு முதல் நாள் அட்டையில் ஒரே ஒரு கோடு வந்ததும், மூன்றாம் நாள் பிசிஆரில் பாசிட்டிவ் வந்ததும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையல்ல. இரண்டும் அந்தந்த நாளில் சரி. அவர் மூன்றாம் நாளில் இன்னொரு அட்டையைப் பயன்படுத்தியிருந்தால் அதுவும் இரண்டு கோடு காட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஆகஸ்டில், நோய்க்குறி உள்ளவர் நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து மீண்டும் செய்ய வேண்டும் என்றும், நோய்க்குறி இல்லாதவர் 48 மணி நேர இடைவெளியில் மூன்று முறை செய்ய வேண்டும் என்றும் அறிவுறுத்தியதும் இந்தக் கால மாற்றத்துக்குப் பொருந்துகிறது.

மற்றொரு பக்கமும் உண்டு. டெல்டா காலத்தில் சிங்கப்பூரில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் தொடக்கத்தில் வைரஸ் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் போட்டவர்களுக்கு அது விரைவாக இறங்கியது. அதாவது அட்டையில் கோடு காட்டும் நாட்கள் அவர்களுக்குக் குறைவு. தாமதமாகச் சோதித்து நெகட்டிவ் வாங்கிக்கொண்டு 'எனக்கு வரவேயில்லை' என்று முடிவுகட்டியவர்கள் எத்தனையோ பேர். பிசிஆரோ, தொற்று அடங்கிய பிறகும் மிஞ்சிய ஆர்.என்.ஏ துணுக்குகளைப் பிடித்து வாரக்கணக்கில், சிலருக்கு மூன்று மாதம் வரையும், பாசிட்டிவ் காட்டும். ஊசி போட்ட நாள் அந்தக் காலத்துக்குள் விழுந்துவிட்டால் மீண்டும் ஊசியின் மேல் பழி விழும்.

இந்த மலைக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் நாள் நெகட்டிவுக்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். 2022 ஜனவரியில் உதகைக்கு மேலே ஒரு முகாமுக்குப் போனோம். கிட் பெட்டியை முந்தின இரவு ஜீப்பிலேயே வைத்துவிட்டார்கள். விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. முதல் அட்டையில் சொட்டுவிட்ட திரவம் நகரவே மனமில்லாததுபோல ஊர்ந்தது. கட்டுப்பாட்டுக் கோடு கால்மணி நேரம் ஆகியும் பூத்த மாதிரி மங்கலாகத்தான் தெரிந்தது. அந்த அட்டைகளை ஒதுக்கிவிட்டு, உறை பிரிக்காத பைகளை ஸ்வெட்டருக்குள் அரைமணி நேரம் வைத்துக்கொண்டு, அறைக்குள் கணப்புச் சட்டியருகே மேசை போட்டு மீண்டும் தொடங்கினோம். கோடுகள் ஒழுங்காக வந்தன. கிட்டின் உறையிலேயே எழுதியிருக்கும்: பயன்படுத்தும்போது அது அறை வெப்பத்துக்கு, அதாவது 15 முதல் 30 டிகிரிக்குள் வந்திருக்க வேண்டும். ஆடி மாதத்துச் சாரலில் கோத்தகிரி வீட்டின் சன்னல் விளிம்பில் இருந்த கிட், சென்னையில் மேசைமேல் இருந்த கிட்டைப் போல நடந்துகொள்ளாது.

ரத்தச் சோதனைக்கு வருகிறேன். அத்தையின் வழக்கு இங்கே. ஆன்டிபாடி சோதனை வைரஸைத் தேடுவதில்லை; வைரஸுக்கு எதிராக நம் உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதத்தைத் தேடுகிறது. உடலுக்குக் காட்டப்பட்டது நிஜ வைரஸா, ஊசியா என்பது அந்தப் புரதத்துக்குத் தெரியாது. ஆகவே தடுப்பூசி முடிவை மாற்றும் சோதனை இதுவே. மாற்றத்தான் வேண்டும், ஊசி வேலை செய்ததற்கு அதுவே சாட்சி. ஸ்பைக் ஆன்டிபாடி எந்தத் தடுப்பூசி போட்டாலும் பாசிட்டிவ் ஆகும், நோய் வந்தாலும் ஆகும்; அதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. 'என்' ஆன்டிபாடி கோவிஷீல்டு போட்டவருக்குத் தடுப்பூசியால் வராது, ஏனென்றால் அந்த ஊசியில் 'என்' இல்லை. அவருக்கு அது பாசிட்டிவ் என்றால் எப்போதோ நிஜத் தொற்று வந்திருக்கிறது என்று கொள்ளலாம். கோவாக்சின் போட்டவருக்கோ முழு வைரஸும் காட்டப்பட்டிருப்பதால், ஊசியாலேயே 'என்' ஆன்டிபாடி வரக்கூடும். மூன்றாம் தவணை போட்டு ஒன்றரை மாதமே ஆன அத்தைக்கு 'என்' பாசிட்டிவ் வந்தது அவருக்குக் கோவிட் வந்ததற்கு ஆதாரம் ஆகாது. அந்த அளவில் அத்தை சொன்னது முற்றிலும் சரி. வரவில்லை என்பதற்கும் அது ஆதாரம் அல்ல.

இதையே பழைய உதாரணத்தால் விளக்கினால் எளிதாக விளங்கும். மஞ்சள்காமாலை பி வகைக்கான தடுப்பூசியில் அந்த வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே இருக்கிறது. ஆகவே ஊசி போட்டவருக்கு மேலுறை ஆன்டிபாடி பாசிட்டிவ் ஆகும், உட்கருப் புரதத்துக்கான ஆன்டிபாடி நெகட்டிவாகவே இருக்கும். நிஜத் தொற்று வந்து குணமானவருக்குப் பெரும்பாலும் இரண்டும் வரும். அந்த ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் ரத்தத்தைச் சோதித்தால், ஊசியில் இருந்த மேலுறைப் புரதமே ரத்தத்தில் தென்பட்டுச் சிலருக்கு நோய் இருப்பதுபோலக் காட்டியதும் உண்டு. தேடும் பொருளும் ஊசியின் பொருளும் ஒன்றாகி, தேடும் இடமும் ரத்தமாகவே இருந்ததால் அப்படி ஆனது. பிசிஜி ஊசி காசநோய்க்கான மான்டூ தோல் சோதனையை வீங்க வைப்பதும் இந்த வகைதான். கோவிட் ஆய்வாளர்களும் இதற்கு விலக்கல்ல: ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசியில் ஸ்பைக் புரதத்தைப் பிடித்து நிறுத்த எச்.ஐ.வி. புரதத்தின் ஒரு சிறு துண்டைச் சேர்த்திருந்தார்கள், போட்டுக்கொண்டவர்களுக்கு எச்.ஐ.வி. இல்லாமலே எச்.ஐ.வி. சோதனை பாசிட்டிவ் காட்டியதால், 2020 டிசம்பரில் அந்த முயற்சியையே கைவிட்டார்கள். நமக்குப் போட்ட எந்த ஊசியிலும் அத்தகைய துண்டு கிடையாது. சிஃபிலிஸ் நோய்க்கான ஆர்பிஆர் சோதனையில், ஒரு குறிப்பிட்ட கருவியின் கிட் மட்டும் கோவிட் ஊசி போட்ட சிலருக்குத் தவறான பாசிட்டிவ் காட்டுவதாக 2021 டிசம்பரில் அமெரிக்காவில் எச்சரித்தார்கள். உறுதிசெய்யும் சோதனை செய்தால் அது தெளிந்துவிடும். கர்ப்பிணிப் பெண்களுக்கு இந்தச் சோதனை வழக்கமாகச் செய்யப்படுவதால், ஒற்றைத் தாளைப் பார்த்துக் குடும்பத்தில் சந்தேகம் மூளாமலிருக்க இதைச் சொல்லிவைக்கிறேன்.

'என்' நெகட்டிவ் என்றால் நோய் வந்ததில்லை என்று பொருளா? அதுவும் இல்லை. கோவிஷீல்டைப் போலவே ஸ்பைக்கை மட்டும் உடலுக்குக் காட்டும் எம்-ஆர்என்ஏ வகைத் தடுப்பூசி ஒன்றின் பெரிய ஆய்வில், ஊசி போடாமல் தொற்றுக்கு ஆளானவர்களில் 93 சதவீதத்தினருக்கு 'என்' ஆன்டிபாடி தோன்றியது. ஊசி போட்ட பிறகு தொற்றுக்கு ஆளானவர்களில் 40 சதவீதத்தினருக்கே தோன்றியது. வைரஸ் உடலில் குறைந்த காலமே தங்கி, குறைவாகவே பெருகியதால், 'என்' புரதத்தை உடல் போதிய அளவு பார்க்கவில்லை. 2021 ஜூன், ஜூலையில் நடந்த தேசிய ஆய்வில் 67.6 சதவீதத்தினருக்கு ஆன்டிபாடி இருந்தது என்ற செய்தியைப் படித்தபோது, எத்தனை பேருக்கு ஊசியால், எத்தனை பேருக்கு நோயால் என்று பலர் என்னிடம் கேட்டார்கள். அந்த ஒற்றை எண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுக்க இயலாது.

ஆன்டிபாடி எண் பெரிதாக இருந்தால் பயமில்லை என்ற நம்பிக்கையும் நம் ஊர்களில் பரவிக் கிடக்கிறது. ஒரு கருவியில் 'ஏயு', இன்னொன்றில் 'பிஏயு' என்று அலகே வேறு. பரவலாகப் பயன்படும் ஒரு கிட்டில் 1,000 ஏயு என்பது 142 பிஏயுதான். சில கருவிகள் ஓர் எல்லைக்கு மேல் எண்ணாமல் '250க்கு மேல்' என்று மட்டும் அச்சிடும். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டு மகிழ்வதும் வருந்துவதும் வீண். இந்த எண்ணுக்கு மேல் இருந்தால் நோய் வராது என்ற வரம்பு எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை. ஊசி வேலை செய்ததா என்று பார்க்க ஆன்டிபாடி சோதனை வேண்டாம் என்று 2021 மே மாதத்திலேயே அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. அதற்குச் செலவழிக்கும் பணத்தில் வீட்டுக்கு நான்கு ஆன்டிஜென் கிட் வாங்கி வைத்தால் பயனுண்டு.

தோடர் மந்துகளுக்கும், கோத்தர் கோக்கால்களுக்கும், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்கும் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த செவிலியர்களைப் பார்த்திருக்கிறேன். "ஊசி போட்டால் கோவிட் பாசிட்டிவ் ஆகிவிடுமாமே" என்ற கேள்விக்குத்தான் அவர்கள் ஊசி போட்ட நேரத்தைவிட அதிக நேரம் பதில் சொல்ல நேர்ந்தது. அந்தப் பதில் உங்கள் வீட்டுக்குள்ளும் போய்ச் சேர வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

சகோதரிக்கு இனிச் செய்ய வேண்டியது. தந்தையாரின் பழைய பிசிஆர் தாளின் மேல், போட்ட ஊசியின் பெயரையும் ஒவ்வொரு தவணையின் தேதியையும் எழுதி வையுங்கள். அத்தையின் தாளில் 'கோவாக்சின்' என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும், அது இல்லாமல் அந்த 'என்' முடிவைப் பார்க்கும் எந்த மருத்துவரும் தவறாகப் படிக்க நேரும். அடுத்த முறை வீட்டில் ஒருவருக்கு இருமலோ தொண்டை வலியோ வந்தால், கிட்டை அடுப்படிக்கு அருகே, ஆனால் நெருப்பின் மேல் அல்ல, அரைமணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு உறையைப் பிரியுங்கள். உறையில் குறித்த நேரத்துக்குள் மங்கலாக ஒரு கோடு விழுந்தாலும் அது பாசிட்டிவ்தான். நெகட்டிவ் வந்தால், அவர் ஊசி போட்டவர் என்பதையே காரணமாக வைத்து, முகக்கவசத்தோடு தனியே இருக்கச் செய்து, 48 மணி நேரம் கழித்து இரண்டாம் கிட்டைப் பிரியுங்கள். மூச்சு வாங்கினாலோ, விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே காட்டினாலோ, கோடு ஒன்றா இரண்டா என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வண்டி பிடியுங்கள்.